பத்து மைக்ரோமோலார்

மார்ச் 4, செவ்வாய், மாலை 4.20. இன்று தொட்ட செல்கள் பதினேழு. பிழைத்தவை இரண்டு.

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நீயே நான்கு பக்கம் எழுதிவிட்டாய். போனில் பேசினால் நான் நடுவில் புகுந்து விடுகிறேனாம், உன்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லையாம், அதனால் இனிமேல் கடிதம்தானாம். சரி. எனக்கும் வசதிதான். லாபில் அடுத்த தட்டுச் செல்கள் தயாராக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

நீ கேட்டது: "மாத்திரைப் பழக்கத்தை விடறதுக்குத் தினமும் ஒரு கப் மெத்தடோன் சிரப் குடிக்கச் சொல்றாங்களே, அது உள்ளே போய் என்னடா பண்ணும்?" நல்ல கேள்வி. லாண்டரியில் வழுக்கி விழுந்து முதுகை முறித்துக்கொண்ட பிறகு, இரண்டு வருஷம் அந்த வலி மாத்திரைகளை விழுங்கினாயே, அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோபப்படாதே. உள்ளதைச் சொன்னேன்.

நரம்புச் செல்லின் மேல்தோலில் ஓபியாய்டு ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. வாசலில் இருக்கும் காலிங் பெல் என்று வைத்துக்கொள். மருந்து வந்து பெல்லை அழுத்துகிறது. பெல் எந்தக் கதவையும் திறக்காது. ஆனால் சத்தம் கேட்டு உள்ளே ஒரு புரதம் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்கிறது. அந்தப் பின்கதவுக்குப் பெயர் பொட்டாசியம் சேனல். உள்ளே அடைந்து கிடக்கும் பொட்டாசியம் அது வழியாக வெளியேறும். வெளியேறியதும் செல் அடங்கிவிடும். "வலிக்குது, வலிக்குது" என்று மூளைக்குத் தகவல் சொல்ல அதற்குத் தெம்பிருக்காது. இவ்வளவுதான் விஷயம்.

உன் மாத்திரைகள் அந்த பெல்லை விடாமல் அடித்தன. அடித்து அடித்து பெல் மழுங்கிவிட்டது. அதனால்தான் ஒன்று போதாமல் மூன்று, மூன்று போதாமல் ஆறு. மெத்தடோனும் அதே பெல்லைத்தான் அழுத்துகிறது. ஆனால் நிதானமாக, ஒரு நாள் முழுக்க ஒரே அழுத்தமாக. தூக்கியும் போடாது, கீழேயும் தள்ளாது. ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று அத்தான் சொன்னால் காதில் வாங்காதே. அவர் பஸ் ஓட்டட்டும், இதில் வண்டியை விட வேண்டாம்.

குட்டியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு
உன் தம்பி

---

மார்ச் 15

அன்புள்ள மீட்டருக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். நீயும் அப்படியே செய்வாயாக. கடிதத் தலைப்பிலேயே கணக்கு எழுதுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நீதான். சின்ன வயசில் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு என் பின்னலை அளந்தவனுக்கு மீட்டர் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

காலிங் பெல் நன்றாகப் புரிந்தது. டீச்சர் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் பொட்டாசியம் வெளியே போனதும் செல் அடங்கிவிடும் என்றாயே, என்னை அடக்கவும் அப்படி ஏதாவது இருந்தால் அத்தான் அன்றைக்கே வாங்கி வந்திருப்பார்.

க்ளினிக் பஸ் டிப்போவுக்குப் பின்னால். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸம்மா. கப்பில் ஊற்றித் தருவாள், அவள் முன்னாலேயே குடிக்க வேண்டும், குடித்த பிறகு ஏதாவது பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம். எல்லாரும் "தேங்க்ஸ்" என்பார்கள். நான் மட்டும் தினம் ஒரு கதை விடுவேன். "நேத்து லாட்டரியில கார் விழுந்துச்சு சிஸ்டர்." அவள் முகத்தை இறுக்கிக்கொண்டே, "எந்த கலர்?" என்பாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

சேர்ந்த அன்றைக்கே நெஞ்சில் ஒயர் ஒயராக ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள், ஜில்லென்று இருந்தது. இப்போது லாண்டரியில் வேலையும் மாற்றிவிட்டார்கள். பெட்ஷீட் ரோலர் பக்கம் போக வேண்டாம், உட்கார்ந்தே நாப்கின் மடித்தால் போதும். முதுகு பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வயசு.

முக்கியமான விஷயம். நாங்கள் பிரிந்ததிலிருந்து வாரா வாரம் செய்வதுபோல், அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை குட்டியை என்னிடம் விட வந்தபோது, வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஜூலை லீவு வரைக்கும் ஒழுங்கா இரு. அதுக்கப்புறம் அவ உன்கூட இருக்கட்டும். ஸ்கூலும் இங்கேயே பாத்துக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன். குட்டி வந்து, "ஏம்மா வெங்காயம் இல்லாமலே அழறே?" என்றாள்.

ஜூலை, டா.

அக்கா

---

மார்ச் 21

அக்கா,

நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிட்டாய். வயசாம். உனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. "கண்ணாடிக் குழாயை ஊதுறான்" என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறாய். ஊதுவதில்லை, உறிஞ்சுகிறேன். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரு செல்லின் மேல் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் அதிகமானால் செல் கிழிந்துவிடும். சரியாக ஒட்டிக்கொண்டால் அதன் சேனல்கள் வழியே போகிற மின்சாரத்தைத் திரையில் பார்க்கலாம்.

நான் பார்ப்பது நரம்பில் இருக்கும் பொட்டாசியம் சேனலை அல்ல, இதயத்தில் இருப்பதை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கு ஒரு பொட்டாசியம் சேனல் திறக்க வேண்டும். சில மருந்துகள் அந்தச் சேனலுக்குள் போய்க் கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். தயாராவது தாமதமாகும். தாமதம் அதிகமானால் தாளம் தவறும். தாளம் தவறினால் மயக்கம். சில சமயம் அதற்கும் மேலே. புது மருந்து எதுவானாலும் சந்தைக்கு வருமுன் இந்தச் சேனலை அடைக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குச் சம்பளம்.

மெத்தடோன் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரே மருந்து, நரம்பில் ஒரு பொட்டாசியம் சேனலைத் திறக்கவைக்கிறது, இதயத்தில் இன்னொன்றை அடைக்கிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், நானே செய்து பார்த்ததில்லை. அம்மா எப்படிப் போனாள் என்று உனக்கு நினைவில்லையா? இரவு படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. காரணம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கே மருந்து அலமாரியில் மெத்தடோன் இருக்கிறது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீயே கண்ணால் பார்.

தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள மீட்டர்,

இங்கே எல்லாரும் நலம், உன் கடிதத்தைப் படிக்கிறவரை நானும் நலமாகத்தான் இருந்தேன்.

வாய் வைத்து மெல்ல உறிஞ்சுவதுதான் உன் உத்தியோகமா? ஒரு செல்லிடம் காட்டுகிற பொறுமையை ஒரு பெண்ணிடம் காட்டியிருந்தால் இந்நேரம் எனக்கு நாத்தனார் ஸ்தானம் கிடைத்திருக்கும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு நினைவில்லாமல் எப்படி இருக்கும், பக்கத்தில் படுத்திருந்தது நான்தானே. நீ ஹாஸ்டலில் இருந்தாய். கை மரத்துப் போனதென்று திரும்பிப் படுத்தேன், அவள் தோள் ஜில்லென்று பட்டது. அதை உன்னிடம் சொன்னேனா என்று தெரியவில்லை.

இந்த சிரப் குடித்தால் அப்படி ஆகுமா? சும்மா கேட்கிறேன். ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல். குட்டி ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறாள்.

அக்கா

---

ஏப்ரல் 17

அக்கா,

நலம். இங்கே இரண்டு வாரமாக மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உனக்காகச் செய்தேன். மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

படம் இணைத்திருக்கிறேன். கறுப்புக் கோடு, மருந்து போடுமுன் அந்தச் சேனல் வழியே போன பொட்டாசியம். சிவப்புக் கோடு, மெத்தடோன் போட்ட பிறகு. பார்த்தாயா? கறுப்பு மலை மாதிரி ஏறுகிறது. சிவப்பு தரையோடு தரையாகக் கிடக்கிறது. முதலில் குறைந்த அளவில் போட்டுப் பார்த்தேன், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, உனக்கு எதுவும் புரிந்திருக்காது. பிறகு செறிவைக் கூட்டிப் பத்து மைக்ரோமோலார் போட்டேன். பளிச்சென்று வந்தது.

ஒரு வார்த்தையில் சொல் என்றாய். விஞ்ஞானத்தில் ஒரு வார்த்தைப் பதில் கிடையாது. ஆபத்து உண்டு. அவ்வளவுதான் சொல்ல முடியும். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும். டாக்டரிடம் குறைக்கச் சொல். கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறவர்களைத்தான் இவர்களுக்குப் பிடிக்கும். நீ கேள்.

தம்பி

---

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

படம் கிடைத்தது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். குட்டி, "இது என்ன மலைம்மா?" என்றாள். மாமா வரைந்தது என்றேன். கறுப்பு மலைக்கு மேலே அவள் ஒரு சூரியன் போட்டிருக்கிறாள்.

டாக்டரிடம் பேசினேன். அவர் ஏதோ சொன்னார். பரவாயில்லை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வாரமாகச் சளி. மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது, கண்ணிலும் தண்ணீர். தூக்கமில்லை. படுத்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உதைத்துக்கொண்டே இருக்கிறேன், போர்வை போய்ச் சுவரில் விழுகிறது. சீசன் சளிதான். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நெஞ்சு படபடப்பு இப்போது அவ்வளவு இல்லை.

அக்கா

---

மே 16

அக்கா,

நலம். படபடப்பு குறைந்தது என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. பார்த்தாயா, கேட்டால்தான் நடக்கும். எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுது, எனக்கு எண் வேண்டும்.

சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி. இங்கேயும் எல்லாரும் தும்முகிறார்கள்.

அந்தப் படத்தை எங்கள் கூட்டத்தில் காட்டினேன். "ரொம்ப சுத்தமான ரெக்கார்டிங்" என்று மேனேஜரே சொன்னார். அவர் வாயிலிருந்து இப்படி வருவது அபூர்வம். உன் புண்ணியம்.

குட்டி போட்ட சூரியனை போட்டோ எடுத்து அனுப்பு.

தம்பி

---

ஜூன் 11

அக்கா,

நான் எழுதி நான்கு வாரமாகப் போகிறது. ஒரு வரியாவது எழுதக் கூடாதா? போன் அடித்தால் எடுப்பதில்லை. கடிதம்தான் என்று சட்டம் போட்டவள் நீ. நான் சட்டப்படி நடக்கிறேன். எண்ணைக் கேட்டது தப்பா? கோபமாக இருந்தால் கோபம் என்று எழுது. ஊமையாக இருக்காதே, எனக்கு எரிச்சலாக வருகிறது.

தம்பி

---

ஜூன் 23

தம்பிக்கு,

அத்தான் எழுதுவது. நானும் குட்டியும் சுகம். உங்கள் கடிதத்தை வீட்டுக்காரம்மா என்னிடம் கொடுத்தார்கள். மேலே இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் குட்டியைக் கொண்டுவிடப் போனேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினோம். குட்டி, "அம்மா ஒளிஞ்சு விளையாடறா" என்றாள். பிறகு நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. கதவை உடைத்தேன். குட்டி என் பின்னால்தான் நின்றாள். அவளை எங்கேயாவது அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் கேட்டது, "குட்டி பாத்தாளா?"

பழைய மாத்திரைதான். தலையணை உறைக்குள் இருந்தது. முன்னே விழுங்கிய அதே எண்ணிக்கைதான் விழுங்கியிருக்கிறாள், ஆனால் இந்த முறை மூச்சு அடங்கிவிட்டது என்றார்கள். க்ளினிக்கில் விசாரித்தேன். ஏப்ரல் கடைசியில் வந்து குறைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாளாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்களாம். மெதுவாகக் குறைக்க ஆரம்பித்தால், அதற்கும் பொறுக்காமல் மே மாதம் வருவதையே நிறுத்திவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். "சலிச்சுப் போச்சு" என்றாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. மறுபடி க்ளினிக்கில் சேர்த்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். குட்டியை ஜூலையில் அனுப்புவதாக இல்லை. பிறகும் தெரியாது. நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும்.

அத்தான்

---

ஜூன் 30

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? இந்த வரியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அத்தான் எழுதியிருந்தார். உடனே கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு, உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். லாபுக்குப் போய் அந்தப் பரிசோதனையை மறுபடி செய்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரு விஷயம் சொல்கிறேன். உனக்குப் புரிய வேண்டும் என்று இல்லை, நான் சொல்லியாக வேண்டும். நீ குடிக்கிற மெத்தடோன் ரத்தத்துக்குள் போனதும் அதில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். இதயத்தின் சேனலைத் தொடக் கூடியது ஒட்டாமல் மிஞ்சுகிற கொஞ்சம் மட்டும். என் தட்டில் ரத்தம் கிடையாது, புரதம் கிடையாது. ஊற்றிய மொத்த மருந்தும் நேராகச் சேனலுக்குப் போகும். உன் உடம்பில் மிஞ்சியிருக்கக் கூடிய அளவு எவ்வளவு என்று கணக்குப் போட எனக்குப் பத்து நிமிஷம் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்றுத் தருகிற கணக்கு. நான் போடவில்லை. குறைந்த அளவில் கோடுகள் ஒட்டிக்கொண்டு இருந்தனவே, அந்தப் படம்தான் உன் படம். அது பார்க்க நன்றாக இல்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, பல மடங்கு ஊற்றி உனக்கு அனுப்பினேன்.

மெத்தடோனால் சிலருக்கு இதயத் தாளம் கெடுவது உண்மை. அதற்காகத்தான் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள். ஈசிஜி எடுத்தார்களா என்று உன்னிடம் கேட்கவே இல்லையே என்று நேற்று உன் கடிதங்களை எடுத்தேன். மார்ச் மாதமே எழுதியிருக்கிறாய். ஜில்லென்று இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறாய். நான் படபடப்பைத் தேடி அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சளி என்று எழுதினாயே. மூக்கு ஒழுகுவது, தூக்கமின்மை, கால் உதைப்பது. மருந்தை நிறுத்தினால் வருகிறது அது. ஏற்பிகளைப் பற்றிப் படித்தவன் எவனுக்கும் தெரியும். நான் ஆவி பிடிக்கச் சொன்னேன். மருந்தை நிறுத்திய பிறகு மழுங்கிப் போன பெல் மறுபடி கூர்மையாகும் என்பதும், பழைய எண்ணிக்கை அப்போது உயிரை வாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லவில்லை.

அத்தானிடம் சலித்துப் போச்சு என்று ஏன் சொன்னாய்?

தம்பி

---

ஆகஸ்ட் 8

தம்பி,

நான் இருக்கிறேன். உடம்பு தேறிவருகிறது. நீ சாப்பிடாமல் கிடக்காதே.

தாமதமானதற்கு வேறு காரணமில்லை. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்னும் அப்படி எழுத வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மறுபடி வரிசையில் நிற்கிறேன். முதல் நாள் நர்ஸம்மா கப்பை நீட்டினாள், குடித்தேன், பேச வேண்டுமே, எந்தக் கதையும் வரவில்லை. "தேங்க்ஸ்" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பின்னால் ஒருத்தரும் கத்தவில்லை. டாக்டர் மறுபடி ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். மார்ச் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒழுங்காக இருக்கிறதாம். படபடப்பு மாடி ஏறுகிற யாருக்கும் வருவதுதானாம்.

நீ ஆபத்து உண்டு என்று எழுதினாய். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் குட்டி பக்கத்தில் படுத்திருப்பாள். நான் அவளைவிட்டுத் தள்ளிப் படுப்பேன். அம்மாவின் தோள் ஞாபகம் வரும். அவள் காலையில் என்னைத் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருந்தால் என்ன செய்வது? நிறுத்திவிட்டால் ஜூலைக்குள் சுத்தமாக இருப்பேன், இதயமும் நன்றாக இருக்கும், இரண்டு லாபம் என்று நினைத்தேன். முதுகு வலி திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. வந்தது. ஒரே ஒருநாள் வேலைக்குப் போய்த் திரும்புகிற அளவுக்கு என்று தலையணை உறையைப் பிரித்தேன்.

அத்தானிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டாய். உன் பேரைச் சொன்னால் அவர் உன்னை வாசற்படி மிதிக்க விட மாட்டார். என் பேச்சுக்கே அங்கே இப்போது மதிப்பில்லை. குட்டியைப் பார்க்கவும் அவளுக்கு என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவும் என் பக்கத்து ஆள் என்று மிச்சமிருப்பது நீ ஒருத்தன்தான். அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என்மேல் ஏற்கெனவே இருக்கிற பழியோடு இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். நீ வாயைத் திறக்காதே.

போன வாரம் அத்தான் போனில் சொன்னார். குட்டி அவரிடம் கேட்டாளாம்: "அம்மாவுக்கு என்னைவிட அந்த மாத்திரைதான் பிடிக்குமாப்பா?" "என்ன சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார்.

அக்கா

---

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்கா,

நான் சாப்பிடுகிறேன். நீ தேறிவருவதாக எழுதியதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கோபமில்லை என்று எழுத அவசரப்படாதே. வராமலே போனாலும் போகட்டும்.

வாயைத் திறக்காதே என்றாய். திறக்கப் போகிறேன். அத்தான் என்னைச் சேர்க்க மாட்டார், குட்டியை நான் பார்க்க முடியாமல் போகலாம், உனக்கு ஒரு வழி அடைபடலாம். எல்லாம் யோசித்தேன். ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளை, தன்னைவிட மாத்திரை பெரிதென்று நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. அது பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் நாம் இருவர்தான், நீ சொன்னால் அங்கே நம்ப மாட்டார்கள். உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் அங்கே இருப்பேன். செய்யப் போவது இது:

1. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவது. லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்புவதில்லை.

2. சனிக்கிழமை காலை உன் டாக்டரைப் பார்ப்பது. நான் அனுப்பிய படம் எது, எந்த அளவில் எடுத்தது, அதை எப்படிச் சொன்னேன் என்று சொல்வது. நீ ஏன் பிடிவாதம் பிடித்தாய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை கையில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடச் சொல்லி உன்னைக் கெஞ்சுவது.

3. மாலையில், ஷிஃப்ட் முடிந்து வரும் அத்தானைப் பார்ப்பது. ஏற்பி, சேனல், மைக்ரோமோலார் எதுவும் பேசாமல், "அக்கா சலிச்சுப்போய் நிறுத்தல. நான் தப்பா பயமுறுத்தினேன், அதனால நிறுத்தினா" என்று சொல்வது. அவர் திட்டினால் நின்று வாங்கிக்கொள்வது.

4. குட்டியைப் பார்க்க அனுமதி கேட்பது. மறுத்தால் அடுத்த மாதம் மறுபடி போய்க் கேட்பது. அதற்கும் மறுத்தால் அதற்கடுத்த மாதம்.

5. பார்க்க விட்டால் அவளிடம் சொல்வது: "அம்மா உன்னை விட்டுட்டு மாத்திரைகிட்ட போகல. உன்கூட ரொம்ப நாள் இருக்கணும்னு ஆசைப்பட்டா. மாமா தப்பான கணக்கு சொன்னேன், அம்மா நம்பிட்டா." பிறகு அவள் எது கேட்டாலும் பதில் சொல்வது. எதுவும் கேட்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

தம்பி